காது மெஷினுக்கு ஒரு சிம்பொனி

"சார், அடுத்த வாரம் வரும்போது உங்களுக்கு ரொம்பப் பழக்கமான பாட்டு ஒண்ணு கொண்டு வாங்க. அத வச்சுத்தான் மெஷின செட் பண்ணணும்" என்றார் செல்வி.

கோவில்பட்டியில் காது மெஷின் பொருத்துகிற இடம் அது. மாடியில் இருக்கிறது. கீழே கடலை மிட்டாய்க் கடை. காது கேளாத கூட்டம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, பாகு காய்கிற வாசத்தை மட்டும் குறைவில்லாமல் அனுபவித்துக்கொண்டிருக்கும்.

செல்வி அங்கே காதைச் சோதிப்பவர். என் மகள் வயதுதான் இருக்கும். ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெண். என்னிடம் கத்திப் பேசாமல், முகத்தை நேராகக் காட்டி நிதானமாகப் பேசுவார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டில் இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவதுகூடத் தேர்தல் பிரச்சாரம் மாதிரி இருக்கிறது.

"பாட்டுன்னா, சிம்பொனி கொண்டாரலாமா?" என்று கேட்டேன்.

செல்வி பேனாவைக் கீழே வைத்தார். "அது எந்தப் படத்துல சார்?"

"படம் இல்லம்மா. மேல்நாட்டு சங்கீதம். அறுபது எழுபது பேரு ஒண்ணா ஒக்காந்து வாசிப்பாவ. ஒரு சிம்பொனி முக்கா மணி நேரம் ஓடும்."

"முக்கா மணி நேரமா! வெளிய எத்தன பேரு காத்திருக்காவ, பாருங்க. அஞ்சு நிமிசம் போதும் சார்."

"எனக்குப் பழக்கமானது ஒம்போது இருக்கே. எதக் கொண்டாரட்டும்?"

"எது ரொம்பப் பிடிக்குமோ அது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு சொல்லிருதேன் சார். இந்த மெஷினு பேச்சு கேக்கதுக்குன்னு செஞ்சது. பாட்டுக்குத் தனி செட்டிங் வச்சுத் தாரேன். ஆனா போனதெல்லாம் திரும்பக் கெடைக்கும்னு சொல்ல முடியாது. பாட்டு தகரத்தத் தட்டுன மாதிரிகூடக் கேக்கலாம். மனசத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

மனதைத் தயார் பண்ணுவதா? மாடிப்படி இறங்கும்போதே ஒன்பதையும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணாச்சி வந்த கதை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் மில் வாழ்க்கை தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: நான் சங்கரபாண்டி, இங்கே ஒரு நூல் மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எப்போதும்வென்றானில் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு.

அதே மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் ஜெபராஜ். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவன். தூத்துக்குடியில் யாரோ ஒரு பாதிரியார் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது என்று ஒரு நாள் ஒன்பது கேசட்டுகளோடு வந்தான். எல்லாம் யாரோ பதிவு செய்தவை. அட்டையில் படமோ விவரமோ கிடையாது. பேனாவால் ஒன்று முதல் ஒன்பது வரை எண் மட்டும் போட்டிருந்தது.

எழுதியவர் யார் என்று ஜெபராஜ் சொன்னான். அந்தப் பெயர் அவன் வாயிலும் சரியாக நுழையவில்லை, என் வாயிலும் நுழையவில்லை. அதனால் நாங்கள் அவருக்கு 'அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டோம். ஒன்பது சிம்பொனி எழுதியவர், பாதிக்கு மேல் காது சரியில்லாமலேயே எழுதியவர் என்றால், தெரிந்தவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும்.

கல்யாணமான புதிதில் என் மனைவி ராஜம்மாள் ரொம்ப நாள் சந்தேகமாகவே இருந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள். "யாருங்க அந்த அண்ணாச்சி? எப்பப் பாத்தாலும் அவியளப் பத்தியே பேசுதீங்க. ஒருநா வீட்டுக்குக் கூட்டியாங்களேன், சோறு போடுதேன்."

"அவிய செத்து எவ்வளவோ காலமாச்சுட்டி."

"அய்யோ பாவம்" என்றாள். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஜெபராஜ் சர்ச் முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவான். ஒரு சிம்பொனி, பிறகு சாப்பாடு. கேசட் போய், சிடி போய், இப்போது கைபேசியில் கேட்கிறோம். ஞாயிறு மட்டும் மாறவில்லை.

பஞ்சு வைக்காத காது

காது எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிங் ஃப்ரேம் ஓடுகிற இடத்தில் நிற்பது என்றால் நாள் முழுக்க இரைச்சலுக்குள் நிற்பது. பழைய ஆட்கள் கையில் கிடைக்கிற பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொள்வார்கள். நூல் மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்?

நான் வைக்கமாட்டேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த இரைச்சலுக்குள் எனக்கு ஏழாவது சிம்பொனியின் தாளம் கேட்கும். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் இடையில் நின்று கேட்டால் தலையாட்டலாம் போலிருக்கும். பஞ்சு வைத்தால் அது போய்விடும்.

ஜெபராஜ் கடந்து போகும்போதெல்லாம் கையால் காதைக் காட்டுவான். "ஏலே, பஞ்ச வையி. காதுதாம்ல நமக்குச் சொத்து" என்பான். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன், ஏழாவதன் தாளத்துக்கு.

அறிவு கெட்ட ஆட்டம். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஒன்பதில் எது?

அந்த வாரம் முழுக்க ஒன்பதையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன்.

முதல் இரண்டும் நல்லபடி உடுத்தி வந்த விருந்தாளிகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது தொடக்கத்திலேயே இரண்டு அறை அறைந்து உட்கார வைக்கும். நாலாவது சமர்த்து, ஆகையால் அதை யாரும் கவனிப்பதில்லை. ஐந்தாவது உலகத்துக்கே தெரிந்தது. அந்த நாலு தட்டு விழுந்தவுடன் ராஜம்மாள் அடுக்களையிலிருந்து, "யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்பாள். இன்றும் வேண்டுமென்றே சொல்கிறாள்.

ஏழாவது ஜெபராஜின் சொத்து. அதன் இரண்டாம் பகுதியைத் தன் அடக்கத்துக்குப் போட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறான். எட்டாவது குறும்பு. ஒன்பதாவதில் ஆட்கள் பாடுவார்கள். அதற்குத் தமிழில் வரிகள் கட்டி ஜெபராஜ் ஒரு கிறிஸ்துமஸுக்குத் தன் குழுவைப் பாட வைத்தான். மேல் ஸ்தாயியை எட்டிப் பார்த்த இரண்டு அக்காமார் அடுத்த வாரத்திலிருந்து ஒத்திகைக்கு வரவில்லை.

ஆறாவது என்னுடையது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

மழைப் பாட்டு

ஆறாவதில் ஐந்து பகுதிகள். அது கிராமத்தைப் பற்றியது என்று மட்டும் பாதிரியார் சொல்லியிருந்தாராம். மற்றதெல்லாம் நாங்களாகக் கேட்டுக் கண்டுபிடித்தது.

முதல் பகுதியில் ஒருவன் ஊருக்குப் போய் இறங்குகிறான். இரண்டாவதில் ஓடை. எங்கள் ஊர் ஓடையில் நாங்கள் பார்த்தவரை வேலிக்கருவை முள்தான் நிற்கும், தண்ணீர் ஓடியதில்லை. இருந்தாலும் கற்பனை செய்துகொண்டோம். அந்தப் பகுதி முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் ஒதுங்கி நிற்க, மூன்று பறவைகள் கூப்பிடும். புல்லாங்குழலில் வருவது எந்தப் பறவை என்று தெரியாததால் அதைக் கரிச்சான் என்று வைத்துக்கொண்டோம். அடுத்தது சந்தேகமே இல்லாமல் காடை. உளுந்துக் காட்டுக்குள் கால் வைத்தால் விருட்டென்று எழும்புமே, அதேதான். மூன்றாவது குயில்.

மூன்றாம் பகுதியில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் ஆடுகிறார்கள். ஏன் ஆடுகிறார்கள்? விதைத்து முடித்துவிட்டார்கள், அதனால்தான். எங்கள் கரிசலில் புரட்டாசி பிறந்ததும் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிடுவோம். மழை பிறகு வர வேண்டும். வராவிட்டால் விதை எறும்புக்கு.

நாலாம் பகுதியில் அந்த மழை வருகிறது. முதலில் தூரத்தில் ஒரு உறுமல், வயலினில் பொட்டுப் பொட்டென்று துளி, பிறகு இடி, மின்னல், கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. கடைசிப் பகுதி கடவுளுக்கு நன்றி. மழை பெய்த பிறகு நன்றி சொல்லாமல் வேறு என்ன செய்வான் சம்சாரி?

அந்த இடி வரும்போது ஜெபராஜ் உட்கார்ந்திருக்க மாட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, "பெய்யி! பெய்யி!" என்று கையை ஆட்டுவான். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

ஒரு வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஸ்பீக்கரைக் கிழக்கு ஜன்னலில் வானத்தைப் பார்த்து வைத்து நாலாம் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டோம். மூன்றாம் நாள் நல்ல மழை. அதிலிருந்து எதிர்வீட்டு முத்தையா, அவருக்கும் காடு உண்டு, புரட்டாசி வந்தால் வாசலில் நின்று கேட்பார்: "என்ன பாண்டியண்ணே, அந்த மழைப் பாட்ட இன்னும் போடலையா? மேகம் வந்து வந்து போவுதே."

எங்கள் தெருவில் சிம்பொனி கேட்டுக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் முத்தையாதான்.

நான் செய்த திருட்டு

நாலு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிறு, ஓடை முடிந்தது, பறவைகள் வரவில்லை. குயில் மட்டும் எங்கோ அடுத்த ஊரில் கூப்பிட்டது.

பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் ஸ்பீக்கரைத் துடைத்தேன், வயரை மாற்றினேன். ராஜம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்த இடத்தைப் போட்டேன்.

"இந்தா, குருவி கத்துதே" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கு, கேக்கு" என்றேன்.

பிறகு மழையின் துளிகளும் போயின. உறுமலுக்கு அடுத்து நேரே இடி. ஜெபராஜிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பஞ்சை வை, பஞ்சை வை என்று வருஷக் கணக்கில் கெஞ்சியவன் அவன். ஞாயிறுதோறும் எல்லாம் கேட்கிற மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தேன். நண்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வருஷம் நடித்திருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மெஷின் வைக்க இப்போது சம்மதித்ததே அந்தப் பறவைகளுக்காகத்தான். வீட்டார் பேச்சு கேட்பது உபரி லாபம். இதை ராஜம்மாள் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எதைப் பணயம் வைப்பது?

செல்வியிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம், சாப்பிட்டுக்கொண்டே ராஜம்மாளிடம் சொன்னேன். "நாளைக்கு ஏழாவதக் கொண்டு போறேன்."

"ஒங்களுக்கு ஆறாவதுதான பிடிக்கும்?"

"அதுக்குத்தாண்டி. ஆறாவதக் கொண்டு போயி அது தகரம் மாதிரி கேட்டுட்டுன்னா? அப்புறம் சாகுத வரைக்கும் அதுதான் காதுல நிக்கும். இப்பவாவது பழைய ஞாபகத்துல ஓடிட்டு இருக்கு. ஏழாவது கெட்டா கெட்டுட்டுப் போவுது. அது ஜெபராஜோடதுதான."

ராஜம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "நல்லாருக்கே ஒங்க ஞாயம். பொண்ணு பாக்கப் போன எடத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாத்துட்டு வந்த கதையால்ல இருக்கு."

"ஒனக்கு என் பயம் புரியாது."

"புரியுது. ராத்திரியும் பகலும் ஒங்க கூடத்தான இருக்கேன். ஆனா பிடிக்காதத வச்சு மெஷினச் செட் பண்ணுனா, மெஷினு பிடிக்காததக் கேக்கத்தான பழகும்?"

நான் ரசத்தைச் சோற்றில் பிசைய ஆரம்பித்தேன்.

மாடியில்

மறுநாள் காலை படியேறிப் போனால், பெஞ்சில் முதல் ஆளாக ஜெபராஜ் உட்கார்ந்திருக்கிறான். கையில் பாதி கடித்த கடலை மிட்டாய்.

"நீ எங்கவே இங்கன?" என்றேன்.

"தங்கச்சி ராஜம்மா போன் பண்ணுச்சு. எஞ் சிம்பொனியத் தூக்கிட்டுப் போயி ஓட்ட மெஷின்ல போட்டு நசுக்கப் பாக்குதியாமே. என் அடக்கத்துக்கு வச்சிருக்கதுல்லா அது?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. "ஜெபராஜ், எனக்குக் காது..."

"தெரியும்வே. நாலு வருசமாத் தெரியும்."

"எப்படி?"

"பறவ கத்துத எடம் வந்தா முன்னெல்லாம் நீ மூச்சே விடமாட்ட. நான் இருமுனாக்கூட மொறைப்ப. இப்பல்லாம் அந்த எடத்துலதான் ஒனக்கு முத்தையா வீட்டு நாய் குட்டி போட்டது ஞாபகம் வருது. கரிச்சான் கத்திட்டு இருக்கும், நீ பேசிட்டு இருப்ப."

"அப்பமே கேட்டிருக்கலாம்லவே" என்றேன்.

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான். கடலை மிட்டாயில் மீதியை என் கையில் வைத்தான். "பஞ்சு கதைய நான் எடுக்கவே மாட்டேன். போதுமா? ஆறாவதப் போடு."

உள்ளே போனோம். செல்வி இரண்டு காதிலும் மெஷினை வைத்து, மடிக்கணினியோடு இணைத்தார். "முதல்ல நல்லா சத்தமா வார எடம் போடுங்க சார். காது வலிக்கான்னு பாக்கணும்."

என் கைபேசியில் நாலாம் பகுதியைப் போட்டேன். முதல் தடவை அவர் சொன்ன மாதிரியே தகரம். பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். செல்வி எதையோ குறைத்தார், எதையோ கூட்டினார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, உறுமலுக்குப் பின்னால், பொட்டு. பொட்டுப் பொட்டு.

"துளி!" என்று கத்தினேன்.

இடி வந்தது. ஜெபராஜ் இடம் பொருள் பார்க்காமல் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். "பெய்யி! பெய்யி!" வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் கொஞ்சம் காது கேட்கிற இரண்டு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கைபேசியில் அந்த சிம்பொனியைப் பற்றித் தேடிப் படித்தார். "சார், இதுல வேற மாதிரில்ல போட்டிருக்கு. கிராமத்து ஆளுக சந்தோசமா ஆடிட்டு இருக்கும்போது புயல் வந்து கெடுத்துருதாம். எல்லாரும் பயந்து ஓடுதாவளாம். கடைசில நன்றி சொல்லுதது, புயல் ஓஞ்சு போச்சேன்னு."

ஜெபராஜ் மடித்த வேட்டியோடு அப்படியே நின்றான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷமாக இரண்டு கிழங்களும் தப்பான இடத்தில் ஆடியிருக்கிறோம்.

"யாரும்மா அத எழுதுனது?" என்றான் ஜெபராஜ், சண்டைக்குப் போகிற குரலில். "மழையப் பாத்து சம்சாரி ஓடுவானா? அவன் எந்த ஊருக்காரன்?"

"அண்ணாச்சி ஊருல தண்ணிக்குப் பஞ்சம் இருக்காது போலருக்கு" என்றேன் நான்.

செல்வி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "எங்கப்பாவும் உளுந்து வெதச்சுட்டு வானத்தப் பாத்துட்டுத்தான் இருக்காவ. இந்தச் சத்தம் கேட்டா அவியளும் ஆடத்தான் செய்வாவ. நீங்க ஒக்காருங்க சார். இப்ப மெல்லிசா வார எடம் போடுங்க."

மெல்லிய இடம் எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓடை முடிகிற இடத்தைப் போட்டேன்.

வயலின்கள் ஒதுங்கின. ஒன்றுமில்லை. பிறகு, டிக்-டிடிக், டிக்-டிடிக். காடை! காலடியில் எழும்பின மாதிரி அவ்வளவு பக்கத்தில். அதன் மேலேயே குயில். நான் அழுதுவிட்டேன். மேஜையில் இருந்த டிஷ்யூ பேப்பரை செல்வி என் பக்கம் நகர்த்தினார்.

கரிச்சான் வரவில்லை. செல்வி ஆறேழு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கூட்டினால் மெஷின்தான் விசிலடித்தது. கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த உயரத்துக்கு உங்க காதுல எதுவும் மிச்சமில்ல சார். மெஷினால ஒண்ணும் செய்ய முடியாது. அது வராது."

"ரெண்டு வந்துட்டுதேம்மா" என்றேன்.

இரண்டு பேரும் படியிறங்கினோம். கீழே தெருவில் வண்டிகளின் ஹாரன், பாகு கிண்டுகிற கரண்டி, யாரோ யாரையோ ஏட்டி என்று கூப்பிடுவது, எல்லாம் ஒரேயடியாக மேலே வந்து விழுந்தன. ஒன்பதில் எது என்று இனி யாராவது கேட்டால் யோசிக்காமல் ஆறாவது என்பேன். மற்ற எட்டிலும் எனக்கு எது கேட்கவில்லை என்றே தெரியாது. ஆறாவதில் தெரியும்.

போன ஞாயிறு ஜெபராஜ் வந்தான். ஆறாவதைப் போட்டோம். ஓடை முடிந்தது. வயலின்கள் ஒதுங்கின. என் காதில் மௌனம்.

ஜெபராஜ் ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினான். கரிச்சான் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த விரல் இறங்குகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.